வங்கிக் கணக்கின் பாதுகாப்புக் கேள்விகளுக்கு உண்மையான பதிலைக் கொடுக்கலாமா?

கேள்வி – கீற்று
வங்கி இணையதளத்தில் பதிவு செய்யும்போது ஐந்து பாதுகாப்புக் கேள்விகளைத் தேர்ந்தெடுத்துப் பதில் தரச் சொல்கிறார்கள். பிறந்த ஊர், முதல் பள்ளி, செல்லப்பிராணியின் பெயர், பிடித்த உணவு என்று வழக்கமான பட்டியல்தான். என் கடவுச்சொல் 18 எழுத்து, பாஸ்வேர்ட் மேனேஜர் (கடவுச்சொற்களை உருவாக்கிச் சேமித்துவைக்கும் செயலி) உருவாக்கியது. ஓடிபியும் உண்டு. இந்தக் கேள்விகளால் பாதுகாப்பு கூடுமா, குறையுமா? பொய்யான பதில் கொடுத்தால் பின்னால் வங்கியோடு சிக்கல் வருமா?

பதில் – தாழ்ப்பாள்
எந்த இடத்தில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். கடவுச்சொல் போட்ட பிறகு கூடுதலாகக் கேட்டால் சிறிதளவு பயன் உண்டு. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்ற இடத்தில் கேட்டால் பாதுகாப்பு நிச்சயம் குறைகிறது. உங்கள் 18 எழுத்தை யாரும் உடைக்க வேண்டியதே இல்லை, பள்ளியின் பெயர் தெரிந்தால் போதும். 2008 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் யாஹூ மின்னஞ்சல் பறிபோனது இப்படித்தான். அங்கே கேட்கப்பட்ட பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, கணவரைச் சந்தித்த இடம் மூன்றுமே இணையத்தில் தேடினால் கிடைக்கிற தகவல்கள்.

ஆளைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் ஊகிக்கலாம். கூகுள் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் பயனர்களின் 'பிடித்த உணவு' பதிலை ஒரே முயற்சியில் ஊகிக்க 19.7% வாய்ப்பு இருந்தது. மூன்று தவறானால் கணக்கைப் பூட்டிவிடுவோம் என்று வங்கிகள் சொல்வது இங்கே அவ்வளவாக உதவாது. திருடன் ஒரே கணக்கில் திரும்பத் திரும்ப முட்டுவதில்லை; ஆயிரக்கணக்கான கணக்குகளில் தலா ஒரு முறை, மிகப் பொதுவான பதிலைப் போட்டுப் பார்க்கிறான். எந்தக் கணக்கும் பூட்டப்படாது.

பதில் – நெய்தல்
கசிவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாஹூவில் 2013, 2014-இல் நடந்த தகவல் திருட்டுகளில் பாதுகாப்புக் கேள்விகளும் பதில்களும் போயின, அவற்றில் சில குறியாக்கம் செய்யப்படாதவை. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிவிடலாம். பிறந்த ஊரை எப்படி மாற்றுவது? ஒரே உண்மையை பத்து தளங்களில் கொடுத்திருந்தால், ஒன்றில் கசிந்தது மற்ற ஒன்பதுக்கும் சாவி.

அமெரிக்க அரசின் தொழில்நுட்பத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017-இல் வெளியிட்ட எஸ்பி 800-63பி வழிகாட்டுதல், இத்தகைய கேள்விகளை அடையாள உறுதிப்படுத்தும் வழியாக ஏற்கவில்லை. அப்படியிருந்தும் வங்கிகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

பதில் – கீற்று
அப்படியானால் 'xK9#qv' மாதிரி ஏதாவது போட்டு மேனேஜரில் வைத்துக்கொண்டால் போதுமா?

பதில் – தாழ்ப்பாள்
இணையதளத்துக்குப் போதும், வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போதாது. பல இடங்களில் இதே பதில்கள் ஊழியரின் திரையில் தெரியும். திருடன் போன் செய்து, "சும்மா கண்டபடி எழுத்துகளைத் தட்டினேன், நினைவில்லை" என்பான். ஊழியர் திரையைப் பார்ப்பார், உண்மையிலேயே கண்டபடி எழுத்துகள்தான் இருக்கும். சரி என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம்.

அதனால் வாயால் சொல்லக்கூடிய, கேள்விக்குச் சம்பந்தமில்லாத சொற்களைப் போடுங்கள். பகடை உருட்டிச் சொற்களைத் தேர்ந்தெடுப்பதற்கென்றே உள்ள, 7,776 சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியலிலிருந்து மூன்று சொற்களை மேனேஜரோ பகடையோ தேர்ந்தெடுக்கட்டும், நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். ஏறக்குறைய 47,000 கோடி சேர்க்கைகள் வரும். இணையத்தில் ஊகிக்க முடியாது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு வங்கிக்கும் தனித்தனிப் பதில்.

மனதில் தோன்றும் பொய் வேண்டாம். கூகுள் ஆய்வில் 37% பேர் வேண்டுமென்றே பொய்ப் பதில் கொடுத்திருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி பொய் சொன்னதால், ஊகிப்பது இன்னும் எளிதாகியிருந்தது.

பதில் – கல்வெட்டு
பொய் சொன்னால் சிக்கலா என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்களே அமைக்கும் இந்தப் பதில்களை வங்கி பொதுவாக எந்த ஆவணத்தோடும் ஒப்பிடுவதில்லை, நீங்கள் பதிந்ததோடு மட்டும்தான். ஆனால் கேஒய்சி படிவத்தில் கேட்கும் பிறந்த தேதி, தாயார் பெயர் போன்றவை உண்மையாகவே இருக்கவேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அமைக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்: சில தளங்கள் சொற்களுக்கு நடுவே இடைக்கோட்டை ஏற்காது, இடைவெளி போடுங்கள். சில தளங்கள் 20 எழுத்துக்கு மேல் உள்ளதைச் சொல்லாமலே வெட்டிவிடும். பதிவுத் திரை வெட்டி, சரிபார்க்கும் திரை வெட்டாவிட்டால் சரியான பதிலும் தவறாகிவிடும். எனவே பதிலைச் சுருக்கமாக வையுங்கள், ஆங்கிலச் சிறிய எழுத்திலேயே (lowercase) தட்டச்சு செய்யுங்கள், மேனேஜரில் கேள்வியின் முழு வாசகத்தையும் சேர்த்துச் சேமியுங்கள். பிறகு வெளியேறி, 'மறந்துவிட்டது' வழியாக ஒருமுறை போய்ப் பாருங்கள். வேலைநாளில், சேவை எண் இயங்கும் நேரத்தில் செய்தால் கணக்கு பூட்டிக்கொண்டாலும் உடனே திறக்கலாம்.

பதில் – நெய்தல்
இதையெல்லாம் செய்தாலும் போலித் தளத்தில் நீங்களே பதிலைத் தட்டினால் மூன்று சொல்லும் போச்சு. அந்தத் தளம் உங்கள் பதிலை அதே நொடியில் உண்மையான வங்கித் தளத்துக்கு அனுப்பும். உள்நுழைவுக்காக ஆப் காட்டும், 30 விநாடியில் மாறும் குறியீட்டையும் இப்படியே கடத்தலாம். பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் போனிலோ கணினியிலோ இருக்கும் மின்னணுச் சாவி) உண்மையான தள முகவரியோடு பிணைந்திருப்பதால் போலித் தளத்தில் வேலை செய்யாது. உங்கள் வங்கியில் பாஸ்கீ இருந்தால் அதை இயக்கிவிட்டு, கேள்விகள் வழியான மீட்பை அணைக்க முடியுமா என்று அமைப்புகளில் தேடுங்கள். அணைக்காத வரை பழைய வழி திறந்தேதான் இருக்கும்.