சோலைவரி கட்டுகிறோம், ஒழுங்கைக்கு விளக்கு இல்லை: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

யாழ்ப்பாண நகர எல்லைக்குச் சற்று வெளியே, பிரதேச சபைப் பகுதியில் இருக்கிறோம். ஒழுங்கையில் தெருவிளக்கு இல்லை. மார்கழி மழைக்கு வெள்ளம் முழங்கால் வரை நிற்கும். சபையில் கேட்டால், "அது உங்கட தனியார் ஒழுங்கை, எங்கட வீதிப் பட்டியலில இல்லை" என்கிறார்கள். வீடு, காணிக்கான சோலைவரித் துண்டு மட்டும் தவறாமல் வருகிறது. குப்பை எடுக்கும் உழவு இயந்திரமும் வருகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அயலில் பாதிப்பேர் "லைட் எரியட்டும், பிறகு காசு" என்று நிற்கிறார்கள். நான் தை 31க்கு முன் முழுதும் கட்டி 10 வீதக் கழிவு வாங்குகிற ஆள். கட்டாமல் விட்டால் நிலுவை ஏறுமே தவிர விளக்கு வராது.

கடிதம் கொடுத்தாயிற்று. வட்டார உறுப்பினர் வந்து பார்த்தார். கிராம சேவகரிடமும் போனோம். ஒழுங்கைக் காணிக்காரர் எல்லாரும் கையெழுத்து வைத்து அதைச் சபைக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமாம். மற்றவர்கள் தயார். ஒருவர் கனடாவில், போன் எடுக்கிறாரே இல்லை. எல்லாக் காணி உறுதிகளிலும் (பத்திரங்களிலும்) இது பொது வழி என்றுதான் இருக்கிறது.

இப்படி ஒருவரின் கையெழுத்து இல்லாமலே ஒழுங்கையைச் சபைப் பட்டியலில் சேர்ப்பித்தவர்கள் இருந்தால், எப்படிச் செய்தீர்கள்?