கிட்டார் கம்பி சீக்கிரம் வீணாகுது, குறைந்த செலவில் என்ன செய்யலாம்?

முத்துநகர் கிட்டார்:
வணக்கம். கல்லூரியில படிக்கிறேன், தூத்துக்குடி. கோயில் பாடகர் குழுவுல அக்கூஸ்டிக் கிட்டார் வாசிக்கிறேன். வீடு கடற்கரை ஓரம். புது செட் மாட்டின கொஞ்ச நாள்லயே முதல் ரெண்டு கம்பியில துரு பிடிச்சிடுது, தடிச்ச கம்பிகள் கருத்து சத்தம் மங்கிப் போகுது. முதல் கம்பி அடிக்கடி அறுந்தும் போகுது. தேங்காய் எண்ணெய் தடவுன்னு ஒருத்தர் சொல்றார், வெந்நீர்ல கொதிக்க வைன்னு இன்னொருத்தர். அடிக்கடி செட் வாங்க வசதியில்ல. எது சரி?

பழைய பிரெட்:
தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லு: முதல் கம்பி எந்த இடத்துல அறுகுது?

முத்துநகர் கிட்டார்:
எப்பவும் மேலதான் அண்ணா, ட்யூனிங் கீயில (சுருதி சேர்க்கத் திருகுற சாவி) சுத்துற இடத்துல.

பழைய பிரெட்:
அப்போ அறுகிறதுக்குத் துருவை மட்டும் குறை சொல்லாத. ஒரே இடத்துல திரும்பத் திரும்ப அறுந்தா அங்க ஏதோ கூர்மையா இருக்கு. கீயில கம்பி நுழையுற துளையோட ஓரத்தைப் பாரு. இதைச் சரிபண்ணாம எவ்வளவு நல்ல கம்பி போட்டாலும் காசு வீண்தான்.

மங்குறது தனிப் பிரச்சினை. 3 முதல் 6 வரையுள்ள கம்பிகள்ல எஃகு மேல வெண்கலச் சுருள் இருக்கும். வியர்வையும் தோல் அழுக்கும் அந்த இடுக்குல அடைஞ்சு அதிர்வைக் குறைக்குது. எண்ணெய் தடவினா அழுக்கு இன்னும் ஒட்டும், வேண்டாம். வாசிக்கிறதுக்கு முன்னாடி கையைக் கழுவித் துடை. வாசிச்சு முடிச்சதும் பழைய வேட்டித் துணியால ஒவ்வொரு கம்பியையும், அடிப்பக்கமும் சேர்த்து, துடைச்சிட்டுப் பையில வை. பையில ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடு. உப்புக்காத்து ஊர்ல கிட்டாரைச் சுவத்துல மாட்டி வைக்காத.

80/20 வெண்கலம் வாங்குறியா? அதுல 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம், சீக்கிரம் கருக்கும். பாஸ்பர் பிரான்ஸ்னு இன்னொரு வகை வெண்கலக் கம்பி அதைவிடத் தாங்கும்.

பேஸ் பையன்:
கொதிக்க வைக்கிறது வேலை செய்யும் ப்ரோ. பேஸ் கிட்டார் கம்பி விலை ஜாஸ்தி, அதனால நாங்க பண்றதுதான்.

பழைய பிரெட்:
பேஸுக்குச் சரி, கம்பி தடிமன். இங்க கழட்டித் திரும்ப மாட்டும்போது மடிஞ்ச இடத்துலயே மெல்லிய கம்பி அறுந்துடும். சுருள் இல்லாத 1, 2-க்கு அதனால பலனும் இல்ல. தடிச்சதுக்குப் பண்ணினாலும் கொஞ்ச நாள்தான் பளிச்சுன்னு இருக்கும், நல்லா காயலைன்னா உள்ள இருக்கிற எஃகு துருப்பிடிக்கும். பிரெட் (கிட்டார் கழுத்துல குறுக்கே இருக்கிற உலோகப் பட்டை) மேல படுற இடத்துல பள்ளம் விழுந்து சுருதி சேரலைன்னா அந்தக் கம்பியை மாத்திடு, எந்த வைத்தியமும் உதவாது.

முதல் கம்பி மட்டும் அறுந்தா முழு செட் வாங்காத. கடையில ஒத்தைக் கம்பி கேளு, இப்ப இருக்கிற அதே தடிமன்ல.

முத்துநகர் கிட்டார்:
அண்ணா, பழைய கம்பியைக் கழட்டிப் பார்த்தேன். துளையோட ஒரு ஓரம் நகத்துல மாட்டுது! 1000 நம்பர் உப்புத்தாள் போதுமா?

பழைய பிரெட்:
அதுதான் காரணம். சொரசொரப்பான 400-ல ஆரம்பி, அப்புறம் மென்மையான 1000. தாள் உள்ள போகலைன்னா, தூக்கிப் போட வச்சிருக்கிற பழைய 6-ஆம் கம்பியைத் துளைக்குள்ள விட்டு முன்னும் பின்னும் இழு, அந்தச் சுருளே அரம் மாதிரி தேய்க்கும். தூளைத் துடைச்சிட்டு மாட்டு. முதல் கம்பிக்கு ரெண்டு மூணு சுத்தாவது கீயில இருக்கட்டும்.