ரூட்டாகப் போயும் அழியாத ஃபைல்கள், "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்" என்கிறது

கேள்வி:
அலுவலகத்தில் பேக்கப்புக்கென்று ஒரு உபுண்டு சர்வர் இருக்கிறது, 4 டிபி ஹார்ட் டிஸ்க், இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம். இடம் போதாமல் பழைய பேக்கப்புகளை அழிக்க உட்கார்ந்தேன், ஒரு ஃபோல்டர் மட்டும் போக மாட்டேன் என்கிறது. எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக இருந்து ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் (கேட்காமல் அழிக்கும் கட்டளை) கொடுத்தாலும் சில ஃபைல்களுக்கு "ஸ்ட்ரக்சர் நீட்ஸ் கிளீனிங்" என்று வருகிறது, என்னமோ வீட்டைக் கூட்டச் சொல்கிற மாதிரி. எல்எஸ் மைனஸ் எல் போட்டால் அவற்றுக்கு பெர்மிஷன், ஓனர், தேதி எல்லா இடத்திலும் கேள்விக்குறிதான். அதே ஃபோல்டரில் இன்னொரு ஃபைல் பார்க்க நன்றாக இருக்கிறது, ஆனால் அழிக்கப் போனால் "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்", எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் சிஎச்மாட் 777 போட்டாலும் அதே பதில். சர்வர் ஓடும்போதே எஃப்எஸ்சிகே (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துத் திருத்தும் கருவி) போட்டுவிடலாமா?

பதில் 1:
போடாதீர்கள். மவுன்ட் ஆன, அதாவது சிஸ்டம் பயன்படுத்திக்கொண்டிருக்கும் டிஸ்க்கில் போட்டால் கெர்னல் (இயங்குதளத்தின் மையம்) ஒரு பக்கம் எழுதும், எஃப்எஸ்சிகே ஒரு பக்கம் திருத்தும், நன்றாக இருப்பதும் கெட்டுவிடும்.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிச் சிக்கல். சிஎச்மாட்டையே ரூட்டுக்கு மறுக்கிறது என்றால் அது பெர்மிஷன் விவகாரம் இல்லை, இம்மியூட்டபிள் கொடி, அதாவது ஃபைலை மாற்றவோ அழிக்கவோ விடாத பூட்டு. எல்எஸ்அட்டர் போட்டுப் பாருங்கள், ஐ என்ற எழுத்து தெரிந்தால் சிஎச்அட்டர் மைனஸ் ஐ கொடுத்துவிட்டு அழிக்கலாம். ஆனால் அதை யார் வைத்தது என்று விசாரியுங்கள். சர்வருக்குள் புகுந்தவர்களும் தங்கள் ஃபைலை யாரும் அழிக்கக்கூடாதென்று இப்படித்தான் பூட்டுவார்கள்.

பதில் 2:
கேள்விக்குறி வருவதுதான் உண்மையான கரப்ஷன், ஐநோட், அதாவது ஃபைலின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு, கெட்டிருக்கிறது. எஃப்எஸ்சிகே வேண்டும்தான், ஆனால் அதற்கு முன் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். டிமெசேஜில், அதாவது கெர்னலின் செய்திப் பதிவில், என்ன இருக்கிறது? டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் 5 (மாற்றி ஒதுக்கிய செக்டார்கள்), 197, 199 மூன்று வரிகளையும் சொல்லுங்கள். 197, அதாவது படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள், பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் முதலில் டிடிரெஸ்க்யூவில் இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து, ரிப்பேரை நகலில் செய்யுங்கள். சாகிற டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே ஓட்டி ஒரு முறை நான் பட்டது போதும்.

கேட்டவர்:
5ம் 197ம் பூஜ்யம். 199 மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருக்கிறது, டிமெசேஜ் முழுக்க லிங்க் ரீசெட் (டிஸ்க் இணைப்பு அறுந்து மீண்டும் சேர்வது). ஐ கொடி இருந்தது உண்மைதான், விசாரித்தால் முன்பு இருந்த அட்மின் யாரும் தெரியாமல் அழித்துவிடக்கூடாதென்று வைத்ததாம்.

பதில் 2:
நல்ல வேளை. 199 என்பது சிஆர்சி பிழை, அதாவது டேட்டா டிஸ்க்குக்குப் போய்வரும் வழியில் சிதைவது, காரணம் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். கேபிளை மாற்றுங்கள், எண் குறையாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும். அப்புறம் அன்மவுன்ட் செய்து, முதலில் இ2எஃப்எஸ்சிகே (இஎக்ஸ்டி4க்கான எஃப்எஸ்சிகே) மைனஸ் என் என்று எதையும் எழுதாமல் ஓட்டி எவ்வளவு சேதம் என்று பாருங்கள், பிறகு எல்லாவற்றையும் கேட்காமல் திருத்த மைனஸ் எஃப் ஒய்.

இன்னொன்று, டேட்டா பார்ட்டிஷனில் பிழை வந்தால் என்ன செய்வது என்பது வழக்கமாக "கன்டினியூ" என்றுதான் இருக்கும். அதனால்தான் உடைந்த பிறகும் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. டியூன்2எஃப்எஸ் மைனஸ் இ ரீமவுன்ட்-ஆர்ஓ கொடுத்து, பிழை வந்தால் படிக்க மட்டும் விடும்படி மாற்றிவிடுங்கள்.

கேட்டவர்:
கேபிள் மாற்றி ஓட்டினேன், முக்கால் மணி நேரம். ஃபோல்டர் இப்போது அழிந்தது. மீட்ட ஃபைல்கள் போய்ச் சேரும் லாஸ்ட் பிளஸ் ஃபவுண்டில் 31 ஃபைல்கள், பெயரெல்லாம் ஹாஷ் குறியும் (#) எண்ணும்தான்.

பதில் 1:
அந்த எண் ஐநோட் எண், பழைய பெயர் திரும்பாது. "ஃபைல்" என்ற கமாண்டை ஓட்டினால் எது டார், எது ஜிஜிப் என்றாவது தெரியும். எப்படியும் அழிக்க நினைத்தவைதானே, ஆனால் வேறு ஃபோல்டரில் இருந்தவையும் அதில் கலந்திருக்கலாம், பார்த்துவிட்டு அழியுங்கள்.