தமிழ்-பிராமி எழுத்தின் காலம்: குறிப்புரையோடு துணைநூற்பட்டியல் எழுதுவது எப்படி?

வைகைக்கரை (கேள்வி)

முதுகலை வரலாறு ஆய்வுக் கட்டுரை. தலைப்பு, தமிழ்-பிராமி (தமிழை எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து) எழுத்தின் தொடக்கக் காலம். முதலில் 12 மூலங்களுக்குக் குறிப்புரையுடன் துணைநூற்பட்டியல் தர வேண்டும், ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறை) 7ஆம் பதிப்பு முறையில். கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் நூல், கீழடி அகழாய்வு அறிக்கை, பொருந்தல் (தமிழ்நாடு), அநுராதபுரம் (இலங்கை) அகழாய்வுக் கட்டுரைகள் எல்லாம் சேர்த்தாயிற்று. ஆனால் "இது வெறும் சுருக்கம், குறிப்புரை எங்கே?" என்று நெறியாளர் திருப்பிவிட்டார். என்ன விடுபடுகிறது? தமிழ்ப் பெயர்களை எப்படி வரிசைப்படுத்துவது?

கல்வெட்டன்

ஆசிரியர் என்ன சொன்னார் என்பதோடு சுருக்கம் முடிந்துவிடும். எதை வைத்துச் சொன்னார், அந்தச் சான்று எவ்வளவு தாங்கும், உங்கள் கட்டுரையில் எந்த இடத்துக்கு உதவும் என்பதெல்லாம் குறிப்புரையில் வர வேண்டும். 150 சொல்லுக்குள் எழுதலாம். முடிவுக்கு இரண்டு வாக்கியம், மீதி முழுக்கச் சான்றுக்கு.

உங்கள் தலைப்புக்கு இது உயிர்நாடி. மகாதேவனின் 2003 நூல் மிகப் பழைய குகைக் கல்வெட்டுகளைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வைக்கிறது; அதற்கு ஆதாரம் முதன்மையாக எழுத்தமைதியும் (எழுத்துகளின் வடிவம்) மொழியும். பொருந்தலின் கி.மு. 490, ஈமக்குழியில் கிடைத்த நெல்லின் கரிமக் கணிப்பு (கரிமம்-14 கொண்டு வயதறிதல்). கீழடி 2019 அறிக்கையின் கி.மு. 580, 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்கு வந்த கணிப்பு. பின்னிரண்டிலும் ஆய்வகம் கணித்தது மாதிரியின் வயதை, எழுத்தின் வயதை அல்ல. மாதிரிக்கும் எழுத்துள்ள பானை ஓட்டுக்கும் உள்ள தொடர்பை அகழாய்வாளர் எப்படி நிறுவுகிறார் என்பதைத்தான் குறிப்புரை எடைபோட வேண்டும்.

இன்னொன்று: ஏறத்தாழ கி.மு. 800 முதல் 400 வரை கரிம அளவுத்திருத்த வளைகோடு (கரிம அளவை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் கோடு) தட்டையாகக் கிடக்கிறது. அந்தக் காலத்து மாதிரிகளுக்கு விடை அகன்ற வீச்சாகவே வரும். ஒற்றை ஆண்டை எழுதாமல் அறிக்கையில் உள்ள வீச்சை அப்படியே குறியுங்கள்.

ஓலைச்சுவடி

மாதிரிக்கு ஒன்று, அநுராதபுரம் பற்றி 1996இல் கேம்பிரிட்ஜ் ஆர்க்கியலாஜிக்கல் ஜர்னலில் வந்த கட்டுரைக்கு:

"பிராமி எழுத்துள்ள ஓடுகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டு மண்ணடுக்குகளில் கிடைத்ததாகக் கட்டுரை வாதிடுகிறது. அடிப்படை, மண்ணடுக்கும் கரிமக் கணிப்பும். சிறிய ஓடுகள் பிற்காலக் குழிகள் வழியே கீழே இறங்கியிருக்கலாம் என்ற ஐயத்தை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஓடுகளின் மொழி பிராகிருதம் என்பதால் தமிழ் எழுத்துக்கு நேர்ச்சான்று ஆகாது. அசோகருக்கு முன்பே தெற்கே பிராமி இருந்ததா என்னும் என் இரண்டாம் பகுதியில், மகாதேவனின் கணிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் இதை வைப்பேன்."

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் இது யார் கட்டுரைக்கும் பொருந்தும் பொதுக்குறிப்பாகிவிடும்.

12 மூலங்கள் என்கிறீர்கள். அவற்றில் எத்தனை அதே பொருந்தல் கணிப்பைத் திருப்பிச் சொல்கின்றன? அடிக்குறிப்பைப் பின்தொடர்ந்து முதல் அறிக்கைக்குப் போங்கள். ஐந்து கட்டுரைகள் ஒரே நெல் மாதிரியை மேற்கோள் காட்டினால் சான்று ஒன்றுதான். நாளிதழ்ச் செய்தியை ஆய்வு மூலமாகச் சேர்க்க வேண்டாம். அறிக்கையைத் தேட ஒரு துப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையின் ஆய்வுச்சுருக்கத்தை மொழிபெயர்த்து ஒட்டவும் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிகள் ஒப்புமைச் சோதனையில் (நகல் கண்டறியும் சோதனை) துணைநூற்பட்டியலை விலக்குகின்றன என்பதை நம்பி ஒட்டுபவர்கள் உண்டு. குறிப்புரை நீங்கள் எழுதும் உரைநடை, அதற்கு அந்தச் சலுகை கேட்க முடியாது.

அட்டவணை

பெயர் விஷயம். முன்னெழுத்து பின்னால் போகும்: மகாதேவன், ஐ. ஜோடெரோ என்னும் மூலப்பட்டியல் மென்பொருளில் பெயருக்கு ஒற்றைப் புலத்தைத் தேர்ந்தால் இது தானாக நடக்காது, இரட்டைப் புலத்தில் "மகாதேவன்" முதலிலும் "ஐ." இரண்டாவதிலும் இடுங்கள். அரசுத் துறை அறிக்கைக்கு மட்டும் ஒற்றைப் புலம். ராஜன், இராசன் போல இரு வடிவமுள்ள பெயரை நூலின் தலைப்புப் பக்கத்தில் உள்ளபடியே எழுதுங்கள்.

யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும் மென்பொருளில் ஜ, ச-வுக்கு அடுத்து வந்து உட்காரும். ழ, வ-வுக்கு முன்னால் போய்விடும். கடைசியில் கையால் ஒருமுறை சரிபார்த்தே ஆக வேண்டும். தமிழ், ஆங்கில மூலங்களைத் தனித்தனிப் பட்டியலாகத் தருவது பல துறைகளில் வழக்கம். உங்கள் துறையில் எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமைப்பு: மூல விவரத்தின் முதல் வரி ஓரத்தில் தொடங்கும், அடுத்த வரிகள் 1.27 செ.மீ. உள்ளே. குறிப்புரை கீழே புதிய பத்தியாக, முழுவதும் அதே 1.27 செ.மீ. உள்ளே.

வைகைக்கரை

மிக்க நன்றி. மகாதேவன் நூலின் 2003 பதிப்பும் 2014 திருத்தப் பதிப்பும் நூலகத்தில் இருக்கின்றன. இரண்டையும் போடலாமா?

கல்வெட்டன்

படித்து மேற்கோள் காட்டும் பதிப்பை மட்டும் போடுங்கள். இரண்டுக்கும் பக்க எண்கள் ஒன்றாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 2014ஐ எடுத்தால், உங்களுக்கு வேண்டிய கல்வெட்டுகளின் வாசிப்பையோ காலத்தையோ அதில் மாற்றியிருக்கிறாரா என்று 2003உடன் ஒப்பிட்டுக் குறிப்புரையில் ஒரு வரி சேருங்கள்.