மறு: ‘எஞ்சின் ஸ்வாப்’ - தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வண்டியின் சொந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறு வண்டிக்குச் செய்த எஞ்சினை வைக்கிற வேலையை ஆங்கிலத்தில் ‘எஞ்சின் ஸ்வாப்’ என்கிறார்கள், அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிற இழை இது. அடியிலிருந்து படித்துவிட்டேன். இதுவரை வந்தவை பொறி மாற்றம், பொறி மாற்றீடு, எந்திரப் பரிமாற்றம், வலுப்பொறி மாற்று, அப்புறம் நேற்று ராத்திரி ஒருவர் போட்ட கூடுபாய்ச்சல். கடைசியது ரசனையான சொல், சந்தேகமில்லை. ஆனால் ‘என் வண்டிக்குக் கூடுபாய்ச்சல் செய்ய எவ்வளவு ஆகும்’ என்று பட்டறையில் போய்க் கேட்டால் மந்திரவாதியின் முகவரியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பரிமாற்றமும் ஆகாது. பரிமாற்றம் என்றால் இரண்டு பக்கமும் கொடுத்து வாங்க வேண்டும். இங்கே கழற்றிய எஞ்சின் பழைய இரும்புக் கடைக்கோ, மூலையில் தார்ப்பாய்க்கு அடியிலோதான் போகிறது.

மிச்சம் மூன்று. மூன்றிலும் ‘மாற்று’ இருக்கிறது. என் சண்டை அந்தச் சொல்லோடுதான்.

> மாற்றம், மாற்றீடு எல்லாருக்கும் புரியும். புரிகிற சொல் கையில் இருக்கும்போது புதிது எதற்கு?

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். மாற்றுச்சாவி என்றால் அதே பூட்டைத் திறக்கும் இன்னொரு சாவி. மாற்றுச் சக்கரம் என்றால் அதே நட்டில் மாட்டுகிற இன்னொரு சக்கரம். அந்த வரிசையில் மாற்றுப்பொறி என்று எழுதினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? எஞ்சின் சீஸ் ஆகி, அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டது, அதே மாடலில் இன்னொன்று வாங்கிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான். அதுவும் ஊரெல்லாம் நடக்கிற வேலை, அதற்கும் சொல் வேண்டும், ஆகவே மாற்றுப்பொறியை அதற்கே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. பழைய துளையில் பழைய போல்ட், பழைய கியர் பாக்ஸ், வயரை அப்படியே செருக வேண்டியது, சாயங்காலத்துக்குள் வண்டி வெளியே.

நாம் பெயர் தேடுகிற வேலை அந்த ரகம் இல்லை. வண்டி விவகாரம் அதிகம் தெரியாதவர்களும் குழுவில் இருப்பதால் ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1980களில் அமெரிக்காவில் விற்ற டொயோட்டா லேண்ட் குரூசர் எஃப்ஜே60-ஐ எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 2எஃப் என்ற 4.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், வரிசையாக ஆறு சிலிண்டர், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்க கார்புரேட்டர், சுமார் 135 குதிரைத்திறன். லேசில் சாகாது, ஆனால் மேட்டில் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்துகொண்டிருக்கும். இதை இறக்கிவிட்டு அங்கே பலரும் ஏற்றுவது ஜெனரல் மோட்டார்ஸின் (ஜிஎம்) வி8, அதாவது நாலு நாலாக இரண்டு வரிசையில் V வடிவில் சாய்ந்து நிற்கிற எட்டு சிலிண்டர் எஞ்சின். 1997 மாடல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரில் எல்எஸ்1 என்ற பெயரில் அறிமுகமான குடும்பம் அது. அதே குடும்பத்தில் வார்ப்பிரும்பு பிளாக்கோடு (சிலிண்டர்கள் இருக்கிற எஞ்சின் உடல்) வந்த 5.3 லிட்டர் எல்எம்7, 1999 மாடலிலிருந்து சில்வராடோ பிக்கப்புகளில் ஏராளமாக ஓடியது. அதனால் மோதி நசுங்கிய வண்டிகள் நிற்கிற யார்டுகளில் மலிவாகக் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே 270 குதிரைத்திறன். கேம் ஷாஃப்ட் தலையில் உட்காராமல் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் வி8 என்றாலும் பருமன் குறைவு, பழைய ஜீப் வகையறாவின் ஒடுக்கமான பானெட்டுக்குள்ளும் அடங்கிவிடும். 4.8 முதல் 6 லிட்டர் வரை வெளி அளவு ஏறக்குறைய ஒன்றே, ஒன்றுக்குச் செய்த மவுண்ட் (எஞ்சினைச் சட்டத்தில் தாங்குகிற பிடிமானம்) அடுத்ததற்கும் ஆகும்.

சரி, 135-ஐ எடுத்து 270-ஐ வைத்தாயிற்று, முடிந்ததா? வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. டொயோட்டா கியர் பாக்ஸை எஞ்சினோடு இணைக்கிற மணி வடிவக் கூடான பெல் ஹவுசிங்கின் துளைகளுக்கும் ஜிஎம் பிளாக்கின் துளைகளுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, நடுவில் இரண்டு பக்கத்துக்கும் துளை போட்ட ஒரு தட்டு வேண்டும். தட்டு வந்தால் போதாது. கியர் பாக்ஸிலிருந்து நீண்டு வருகிற இன்புட் ஷாஃப்டின் முனை, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் பின்பக்கக் குழியில் இருக்கிற சின்ன பைலட் பேரிங்குக்குள் போய் உட்கார வேண்டும். எல்எஸ் குடும்பத்தில் பெரும்பாலானவற்றுக்குக் கிராங்கின் பின்முகம் ஜிஎம்மின் பழைய ஷெவி (ஷெவர்லே) வி8-ஐவிட 0.4 அங்குலம், அதாவது சுமார் 10 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும். பழைய ஷெவிக்குச் செய்த தட்டை வாங்கி வந்து மாட்டினால் ஷாஃப்ட் முனை பேரிங்கை எட்டாது, அதற்குத் தனியாக ஒரு ஸ்பேசர், இடைவெளியை நிரப்புகிற துண்டு. எட்டிவிட்டாலும் மையம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நுண்ணிய விலகலை ஊசியில் காட்டுகிற டயல் கேஜை, கிராங்கோடு சுற்றுகிற கனச் சக்கரமான ஃபிளைவீலில் காந்தக் காலில் நிறுத்தி, அதன் ஊசி முனையைப் பெல் ஹவுசிங் வாயின் உட்சுவரில் தொடவிட்டு, கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு சுற்று சுற்றுவார்கள். மையம் 0.005 அங்குலத்துக்கு மேல் விலகியிருந்தால் ஹவுசிங்கை இடத்தில் நிறுத்துகிற டவல் பின்னை மாற்றி நகர்த்தித் திரும்பவும் அளக்க வேண்டும். இதைச் சோம்பல்பட்டு விட்டவர்களுக்குக் கிளட்ச் ஒழுங்காக விடாது, பைலட் பேரிங் ஊளையிடும், ஓடுகிற ஓட்டத்தில் கியர் தானாக நழுவும்.

இது பின்பக்கக் கதை மட்டும். கார்புரேட்டருக்குச் சில பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) அழுத்தத்தில் பெட்ரோல் கொடுத்துக்கொண்டிருந்த பம்பை வைத்துக்கொண்டு 58 பிஎஸ்ஐ கேட்கிற, பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்கு ஊட்ட முடியாது. எஞ்சினை ஆள்கிற கம்ப்யூட்டர் பெட்டிக்குத் திருட்டுத் தடுப்புப் பூட்டை நீக்கிப் புது புரோகிராம் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ‘இது என் வண்டி இல்லை’ என்று எஞ்சின் இரண்டு நொடியில் அணைந்துவிடும். ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், முன் ஆக்ஸில் மேலே எழும்பும்போது எஞ்சினுக்கு அடியில் இருக்கிற ஆயில் பேனில் இடிக்கிறதா என்கிற கவலை, வேகம் கூடியதால் பிரேக். சொல்லிக்கொண்டே போகலாம்.

இத்தனைக்கும் காரணம் ஒன்றே ஒன்று. வந்த எஞ்சின் அந்த வண்டிக்குப் பிறந்ததில்லை. சொல்லில் அது தெரிய வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

அதற்குத் தமிழில் ‘வேற்று’ இருக்கிறதே. வேற்றூர், வேற்றாள், வேற்றுமொழி. வெளியிலிருந்து வந்தது, இந்த இடத்துக்கு உரியதில்லை என்பது அந்த ஒட்டிலேயே இருக்கிறது. வேற்றுப்பொறி. வேறு மாடலுக்கோ வேறு கம்பெனி வண்டிக்கோ செய்த எஞ்சின். மாற்றுப்பொறி ஒரு பக்கம், வேற்றுப்பொறி ஒரு பக்கம் என்று வைத்தால் இரண்டு வேலைக்கும் உள்ள வித்தியாசம் விளக்கம் எழுதாமலே தெரிந்துவிடும்.

வினைக்குப் பட்டறையையே கேட்போம். அங்கே யாரும் எஞ்சினை ‘மாற்றீடு’ செய்வதில்லை, இறக்குவார்கள், ஏற்றுவார்கள். ‘இன்ஜின இறக்கிட்டோம்’, ‘நாளைக்கு ஏத்திடுவோம்’ என்பது எந்த மெக்கானிக் வாயிலும் வருவது. செயின் பிளாக்கில் தொங்கவிட்டுத்தானே உள்ளே இறக்குகிறார்கள், அதை ஏன் ஏற்றுவது என்கிறார்கள் என்று கேட்கக் கூடாது, லாரியில் சரக்கு ஏற்றுகிற ஏற்றல் அது. ஆக, வேற்றுப்பொறி ஏற்றல். பெயராக வேண்டும் என்றால் வேற்றுப்பொறியேற்றம். எழுதும்போது பிரித்தும் எழுதலாம்.

வாக்கியத்தில் போட்டுப் பாருங்கள். ‘வேற்றுப்பொறி ஏற்றிய லேண்ட் குரூசர்’, ‘இந்த வண்டிக்கு எந்த வேற்றுப்பொறி ஒத்துவரும்?’, ‘வேற்றுப்பொறி ஏற்றினால் பிரேக்கையும் பார்த்துவிடுங்கள்’. இடறாமல் ஓடுகிறது. ‘பொறி மாற்றீடு செய்யப்பட்ட லேண்ட் குரூசர்’ என்று படித்தால் அரசாணை படிக்கிற மாதிரி இருக்கிறது.

> வேற்று என்றாலே வேற்றுக்கிரகவாசி நினைவுதான் வருகிறது.

வரட்டுமே. 2எஃப் இருந்த இடத்தில் கார்வெட் குடும்பத்து வி8-ஐப் பார்க்கிற பழைய டொயோட்டாக்காரர் முகமும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்து வலு. ‘வலுப்பொறி மாற்று’ சொன்ன அண்ணன் கோபித்துக்கொள்ள வேண்டாம், வலுவைப் பெயருக்குள் வைத்தால் பாதி வண்டிகள் வெளியே நின்றுவிடும். நம் ஊர்க் கதையையே எடுங்கள். மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பில் இருந்தது ஹரிக்கேன் பெட்ரோல் எஞ்சின், 2.2 லிட்டர், எழுபதுக்கு மேல் குதிரைத்திறன். குடிக்கிற பெட்ரோலுக்குப் பயந்து அதை இறக்கிவிட்டு டீசல் ஏற்றியவர்கள் எத்தனை பேர்! பியூஜோ வழி வந்த 2.1 லிட்டர் மஹிந்திரா டீசலை ஏற்றியவருக்குக் குதிரைத்திறன் குறையத்தான் செய்தது. யாரும் வருத்தப்படவில்லை, டீசல் செலவுக் கணக்கில் மிஞ்சியதே போதும் என்றிருந்தார்கள். அமெரிக்காவிலும் ரொட்டி, பார்சல் விநியோக வேன்களிலிருந்து கழற்றிய 3.9 லிட்டர் கம்மின்ஸ் 4பிடி டீசலைப் பழைய ஜீப், லேண்ட் குரூசர்களில் ஏற்றுகிறார்கள். சாதாரண வடிவில் அது 105 குதிரைத்திறன்தான், எஃப்ஜே60-இன் சொந்த எஞ்சினைவிடக் குறைவு. கிடைப்பது தாழ்ந்த சுற்றிலேயே இழுக்கிற முறுக்குவிசை, எரிபொருள் மிச்சம், கூடவே பல் கிட்டிக்கிற அதிர்வு இலவசம். இவையெல்லாமும் ஸ்வாப்தான். வலு கூட்டுவது ஒரு நோக்கம், அது பெரும்பான்மை நோக்கமாகவும் இருக்கலாம், ஆனால் நோக்கத்தை அடைமொழியாக எழுதிக்கொள்ளலாம், வேர்ச்சொல்லில் கட்ட வேண்டாம்.

சட்டமும் இந்தப் பிரிவினையைச் செய்கிறது என்பதைக் கவனிக்கலாம். நம் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதே பிரிவில், பத்துக்குக் குறையாத போக்குவரத்து வண்டிகள் வைத்திருப்பவர், அரசு அறிவிக்கை அனுமதித்தால், அதே தயாரிப்பும் அதே வகையுமான எஞ்சினைப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் போட்டுக்கொள்ள இடம் இருக்கிறது. அதே தயாரிப்பு, அதே வகை. அதுதான் மாற்றுப்பொறி. அதைத் தாண்டினால் வேற்றுப்பொறி, அப்புறம் ஆர்டிஓ, இன்சூரன்ஸ் எல்லாம் வேறு கதை. கலிஃபோர்னியாவில் வேறு மாதிரி, எஞ்சின் வண்டியின் ஆண்டுக்குச் சமமாகவோ புதிதாகவோ இருக்க வேண்டும், அந்த எஞ்சினோடு வந்த புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகளெல்லாம் கூடவே வர வேண்டும், பிறகு அரசின் நடுவர் ஒருவர் பார்த்து முத்திரை ஒட்டுவார். அங்கே 1985 வண்டியில் 2002 எஞ்சின் ஏற்றலாம், 1970 எஞ்சின் ஏற்றக் கூடாது. இதையெல்லாம் தமிழில் எழுத நேரும்போது ஒரே ‘மாற்றம்’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியிருக்கும்.

> பொறி என்றால் எலிப்பொறியும் தீப்பொறியும் ஐம்பொறியும் குறுக்கே வருமே?

வரும். ஆனால் உள்ளெரி பொறி என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்த தலைமுறை ஒன்று இருக்கிறது, கூட்டுச்சொல்லுக்குள் போய்விட்டால் யாரும் எலியைத் தேட மாட்டார்கள். கட்டுரைக்குள் நான் எஞ்சின் என்றேதான் எழுதுவேன், இந்த மடலிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். பிடிக்காதவர்கள் ‘வேற்று எஞ்சின்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. வேற்றுதான் எனக்கு முக்கியம், பொறிக்காக மல்லுக்கட்ட மாட்டேன்.

துணைச் சொற்கள் இரண்டுக்கு மட்டும் யோசனை. எஞ்சினைக் கொடுக்கிற வண்டி கொடைவண்டி, உறுப்புக்கொடை வழக்கில் இருப்பதால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் வருகிற தட்டு இடைத்தட்டு. கியர் பாக்ஸ், கிளட்ச், வயரிங், மவுண்ட் இவற்றை அப்படியே விட்டுவிடுவது நல்லது, பல்லிணைப் பெட்டி என்று எழுதினால் மெக்கானிக்கும் படிக்க மாட்டார், வண்டிக்காரரும் படிக்க மாட்டார்.

பி.கு.: எழுதி முடிக்கிறபோது இன்னொரு மடல் வந்திருக்கிறது. பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு மின்மோட்டார் வைத்தால் அதுவும் வேற்றுப்பொறி ஏற்றலா என்று கேட்டிருக்கிறார்கள். நான் சேர்க்க மாட்டேன். அங்கே எரிபொருள் தொட்டி, எக்ஸாஸ்ட் எல்லாம் போய் பேட்டரி வருகிறது, 52-ஆம் பிரிவே எரிபொருள் மாற்றும் கிட்டுக்குத் தனி விதிவிலக்கு வைத்திருக்கிறது. அதற்கு ‘மின்மயமாக்கல்’ ஏற்கெனவே ரயிலுக்குப் போய்விட்டது. தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.