டிரைவன் பைல், மணல்: பக்கவாட்டு லோடு 79 டன்னா 3 டன்னா? அவசரம்

தேவனாம்பட்டினம்_சைட்: சார், அடிச்சு இறக்கிற கான்கிரீட் பைலுக்கு (தரைக்குள்ள போற அஸ்திவாரத் தூண்) மணல் எவ்வளவு பக்கவாட்டுத் தள்ளல் தாங்கும்னு சொல்ற ப்ராம்ஸ் ஃபார்முலா போட்டா ஒரு பைலுக்கு பக்கவாட்டு லோடு 79 டன் வருது. கன்சல்டன்ட் டிராயிங்ல 3 டன்னுதான் போட்டிருக்கார். யார் கணக்கு சரி? நாளைக்கு மீட்டிங்.

பாகூர்_ஜேஇ: பைல் சைஸ், நீளம், கான்கிரீட் கிரேடு, ஒண்ணுமே சொல்லலையே.

கெடிலக்கரை: எஸ்பிடி (மண்ணு எவ்வளவு இறுக்கம்னு அடிச்சுப் பாக்கற டெஸ்ட்) எவ்வளவு? பைல் தலை மேல வர்ற கான்கிரீட் கேப்புக்குள்ள இறுகியிருக்கா, சும்மா நிக்குதா?

உப்பனாறு: இதெல்லாம் அப்புறம். கடலோரம்னா அரிப்புதான் விஷயம். 2011ல தானே புயல் அடிச்ச ஊரு. மேல் ரெண்டு மீட்டர் மணலைக் கணக்குலயே எடுக்காதீங்க.

தேவனாம்பட்டினம்_சைட்: 400க்கு 400 மி.மீ. ப்ரீகாஸ்ட், 12 மீ, எம்35. ஒரு மீட்டர்ல தண்ணி. மேல் 6 மீட்டருக்கு எஸ்பிடி N எண்ணிக்கை 6லிருந்து 9. கேப் வரும்.

ரிட்டயர்டு_ஈஇ: தம்பி, நீங்க போட்டது குட்டை பைல் ஃபார்முலா. பைல் வளையாம முழுசா சாயும்னு வச்சு ப்ராம்ஸ் 1964ல குடுத்தது. உங்க பைல் எந்த வகைன்னு முதல்ல பாக்கணும். இதையும் நாங்கதான் சொல்லணுமா? பைலுக்கான இந்திய ஸ்டாண்டர்டு ஐஎஸ் 2911 அட்டவணையில தண்ணிக்குள்ள இருக்கிற தளர்ந்த மணலுக்கு ஈட்டா எச் (மணல் பக்கவாட்டுல எவ்வளவு எதிர்க்கும்ங்கிற எண்) கன மீட்டருக்கு 0.2 முதல் 1.4 மெகாநியூட்டன். 1ன்னு வைங்க. ஈஐ-யை (பைலோட வளைவு விறைப்பு) அதால வகுத்து அஞ்சாம் மூலம் எடுத்தா டி-ங்கிற விறைப்பு நீளம் சுமார் 2.3 மீ. நாலு டி 9.2 மீ. உங்க பைல் அதைவிட நீளம், 12. அப்போ சாயாம வளையற நெட்டை பைல். 79 டன் குடுத்தா ஏழு மீட்டர் ஆழத்துல வளைவு மொமென்ட் 3,600 கிலோநியூட்டன் மீட்டர் வரும். அந்த செக்‌ஷன் அதுல பத்துல ஒரு பங்கு தாங்கினாலே பெரிசு. மணல் தோக்கறதுக்கு முன்னாடி பைல் முறிஞ்சிடும்.

பாகூர்_ஜேஇ: சரியா சொன்னீங்க சார். 5 மி.மீ. நகர்வுக்கு நான் போட்டுப் பாத்தேன். தலை இறுகியிருந்தா சுமார் 3 டன், சும்மா நின்னா 1.1 டன். கன்சல்டன்ட் இறுகினதுன்னு எடுத்திருக்கார்.

கெடிலக்கரை: ஆனா அடிச்சு இறக்கும்போது தளர்ந்த மணல் சுத்திலும் இறுகிடுமே. ஈட்டா எச் 1ங்கிறது ரொம்பக் கம்மி.

ரிட்டயர்டு_ஈஇ: இறுகும். எவ்வளவுன்னு டிசைன்ல யார் கையெழுத்துப் போடுவா?

உப்பனாறு: இறுகினதையும் அலை கொண்டுபோயிடும்.

பாண்டி_காண்ட்ராக்டர்: அடிக்கிறது ஏன் சார்? பக்கத்துல பழைய ஓட்டு வீடுங்க இருந்தா சுவர் விரியும். குழி தோண்டி வார்க்கிற போர்டு (bored) பைல் போடுங்க.

கெடிலக்கரை: மணல்ல போர்டு போட்டா குழி சரியும். குழியைத் தாங்கற பென்டோனைட் களிமண் கரைசல் செலவு நீங்க குடுப்பீங்களா?

பாண்டி_காண்ட்ராக்டர்: சுவர் விரிஞ்சா பஞ்சாயத்துக்கு நீங்க வருவீங்களா?

பாகூர்_ஜேஇ: ரெண்டு பேரும் தனி இழை திறங்க. சைட் தம்பி, லேட்டரல் டெஸ்ட் கேளுங்க. ரெண்டு பைலுக்கு நடுவுல ஜாக் வச்சுத் தள்ளணும். 5 மி.மீ. லோடு, 12 மி.மீ. லோடுல பாதி, ரெண்டுல எது கம்மியோ அதுதான் அனுமதி.

தேவனாம்பட்டினம்_சைட்: டெஸ்ட் போட்டாச்சு. 5 மி.மீ.க்கு 4.2 டன். நன்றி.

ரிட்டயர்டு_ஈஇ: கட்-ஆஃப் லெவல்ல (பைல் தலையை வெட்டி முடிக்கிற மட்டம்) தள்ளினீங்களா, தரை மட்டத்துலயா? 12 மி.மீ. வரைக்கும் போனீங்களா?

பாகூர்_ஜேஇ: தம்பி?