தஞ்சாவூர்ப் படத்துக்கு என்ன விலை சொல்வது? வீட்டில் இதைத் தொழில் என்று ஏற்கவில்லை

கோட்டையூர்க்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிப் பக்கம் கோட்டையூர். வயது 25. கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் நான்கு வருடம் ஓவியம் படித்துவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. எங்கள் பொது வீட்டின் இரண்டாம் கட்டில் (உட்பகுதியில்) எங்கள் பங்கு அறையை ஒட்டிய தாழ்வாரம்தான் என் வேலை இடம். வளவிலிருந்து (உள் முற்றத்திலிருந்து) வரும் வெளிச்சம் போதும், மதியம் மூன்று மணி வரை விளக்குப் போட வேண்டியதில்லை.

போன வைகாசியில் ஓர் உறவுக்காரர் வீட்டுச் சாந்திக்கு (அறுபதாம் கல்யாணம் போன்ற விழா) மீனாட்சி கல்யாணம் தஞ்சாவூர்ப் படம் கேட்டார்கள். இரண்டடிக்கு மூன்றடி. 15,000 என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். பலகை, காடாத்துணி, மக்கு (சுண்ணப்பொடிப் பசைப் பூச்சு), ஜெய்ப்பூர்க் கல், தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), தேக்குச் சட்டம் எல்லாம் சேர்ந்து 11,400 ஆகிவிட்டது. நான் விலை சொன்ன நாளுக்கும் ரேக்கு வாங்கிய நாளுக்கும் இடையில் தங்கம் ஏறிப்போனது. 31 நாள் ஆயிற்று. படத்தைப் பார்த்து அந்த ஆச்சிக்குக் கண் நிறைந்துவிட்டது, உண்மையாகவே. அப்புறம் "நம்ம வீட்டுப் பிள்ளைதானே" என்று 14,000 கையில் வைத்தார்கள். மிஞ்சியது 2,600. ஒரு நாளைக்கு 84 ரூபாய்கூட வரவில்லை.

இன்னொன்று. பழைய வீடு ஒன்றை விடுதியாக மாற்றி நடத்துபவர்கள் என்னுடைய பத்துப் படங்களை எடுத்துப்போய் மாட்டினார்கள். விற்றால் பணம், அதிலும் நூற்றுக்கு நாற்பது அவர்களுக்கு. ஐந்து மாதத்தில் ஒன்றுகூட விற்கவில்லை. திரும்பி வந்தபோது இரண்டு பலகைகளில் ஈரம் ஏறி மக்கு உப்பியிருந்தது.

என் தம்பி விமானி ஆகப் படிக்கிறான். அவனுக்காக இடத்தை அடமானம் வைத்து 52 லட்சம் புரட்டியிருக்கிறார்கள். எனக்கு அதில் பொறாமை கிடையாது, அவனுடைய விண்ணப்பங்களை உட்கார்ந்து நிரப்பியதே நான்தான். ஆனால் ரேக்கும் பலகையும் மொத்தமாக வாங்க 30,000 கேட்டதற்கு அப்பச்சி (அப்பா) சொன்னது இது: "அவனுக்குப் போடுறது முதல். உனக்குப் போடுறது செலவு." ரங்கூன் கடைக் கணக்கெழுதிய குடும்பம் எங்களுடையது. முதல் என்பதற்கும் செலவு என்பதற்கும் எங்கள் வீட்டில் என்ன எடை என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். எழுதலாமா? அல்லது இதிலேயே நிற்கலாம் என்றால், விலையை எப்படிப் போடுவது? இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.


மாலதி_தேவகோட்டை எழுதியது:

நான் வங்கித் தேர்வு எழுதிப் போனவள். ஒன்பது வருடம் ஆகிறது. மாலையில் வரையலாம் என்றுதான் நானும் நினைத்தேன். இதுவரை வரைந்தது நான்கு படம், அதில் ஒன்று முடியவில்லை. சம்பளம் நன்றாக இருக்கிறது, வீட்டில் நிம்மதி இருக்கிறது, இரண்டையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒன்றாகச் செய்துவிடலாம் என்ற எண்ணத்தில் மட்டும் போகாதீர்கள். கணக்கு முடித்து வீட்டுக்கு வரும்போது எனக்கு நேரம்கூட மிஞ்சுகிறது, கண்தான் மிஞ்சுவதில்லை.


பலகைக்காரர் எழுதியது:

ஆச்சி, வயதில் நீங்கள் என் மகளை ஒத்தவர். ஆனாலும் உங்கள் வீடுகளில் வேலை பார்த்துக் கூப்பிட்டுப் பழகியபடி ஆச்சி என்றே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 58. காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் கடைப்பலகை எழுதும் இடத்தில் 1985-ல் சேர்ந்தேன். நகைக்கடை, அரிசி மண்டி, சினிமாத் தட்டி, கட்சிச் சுவர் எல்லாம் எழுதியிருக்கிறேன். ஃபிளெக்ஸ் வந்ததும் இரண்டு மூன்று வருடத்துக்குள் கையால் எழுதும் வேலை அப்படியே நின்றுபோனது. தூரிகையைக் கழுவி வைத்துவிட்டு ஒரு வருடம் பெயின்டு கடையில் டின் தூக்கினேன். அப்போது பள்ளத்தூரில் ஒரு வீட்டில் முகப்பு விட்டத்துக்குக் கீழே ஓடும் பூக்கொடி அரையடி உதிர்ந்திருந்தது, அதைச் சேர்த்து எழுத முடியுமா என்று கேட்டார்கள். அங்கே தொடங்கியது. இன்று பழைய வீட்டுச் சுவர், மேல்தளம், கண்ணாடிப் படம் இவற்றைச் சரிசெய்வதுதான் என் சோறு.

முதலில் விலை. நீங்கள் 31 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் மக்கு காய்ந்த நாள் எத்தனை, பசை பிடிக்கக் காத்திருந்த நாள் எத்தனை? என் கணிப்பில் கை ஓடிய நாள் 22 இருக்கும். காயும் நாளுக்குக் கூலி கேட்கக் கூடாது, அந்த நாளில் இன்னொரு பலகை ஓட வேண்டும். 22 நாளுக்கு 900 வைத்தால் 19,800. இங்கே ஒரு கொத்தனார் அதற்குக் குறைந்து சட்டியைத் தொட மாட்டார், உங்கள் கை அதைவிடக் குறைந்ததில்லை. அதோடு பொருள் 11,400. ஆக 31,200. இதற்குக் கீழே சொல்லும் ஒவ்வொரு ரூபாயும் நீங்கள் அந்த வீட்டுக்கு எழுதும் மொய். உறவு என்றால் மொய் எழுதலாம், தப்பில்லை. ஆனால் இவ்வளவு எழுதுகிறோம் என்று தெரிந்து எழுதுங்கள்.

ரேக்கை விலைக்குள் வைக்கவே கூடாது. "கூலியும் மற்ற பொருளும் இவ்வளவு, ரேக்கு வாங்குகிற நாளில் என்ன விலையோ அது தனி, ரசீது காட்டுகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் ஊரில் கல்யாணத்துக்கு நகை செய்யக் கொடுக்காத வீடு ஏது? தங்கம் அன்றைய விலை என்பது எல்லா ஆச்சிகளுக்கும் தெரியும், ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சட்டமும் தனி. பாதி முன்பணம் வாங்காமல் பலகை அறுக்காதீர்கள். முன்பணம் கேட்டால் மரியாதைக் குறைவு என்று எனக்கும் ஒரு காலத்தில் நினைப்பு இருந்தது. அந்த நினைப்பினால் மூன்று வீட்டுப் பாக்கி இன்னும் நிற்கிறது.

விடுதி விஷயம். விற்றால் பணம் என்று படத்தை மாட்டக் கொடுத்தால் அவர்கள் சுவர் நிறைந்துவிட்டது, உங்களுக்குத்தான் சரக்கு முடங்கியது. மாத வாடகை பேசுங்கள், அல்லது ஒரு படத்தையாவது விலைக்கு வாங்கச் சொல்லுங்கள். சுவரையும் தொட்டுப் பாருங்கள். நம் வீட்டுச் சுவர் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய் என்று பூசிய சுவர். அது மூச்சு விடும். கீழிருந்து ஏறும் ஈரத்தை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அதன்மேல் இப்போது பலர் சிமென்ட் பூசி, மேலே பிளாஸ்டிக் பெயின்டும் அடித்துவிடுகிறார்கள். ஈரத்துக்கு வழி அடைபட்டதும் உப்பாகப் பூக்கும், பெயின்டு கொப்பளிக்கும். அந்தச் சுவரில் பலகையை ஒட்டி மாட்டினால் பின்பக்கம் வழியாக ஏறத்தான் செய்யும். சட்டத்துக்குப் பின்னால் நான்கு மூலையிலும் அரை அங்குலக் கட்டை வைத்துக் காற்றுப் போக வழி விட்டு மாட்டுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. தஞ்சாவூர்ப் படம் மட்டுமே உங்களுக்குச் சோறு போடும் என்று நினைக்காதீர்கள். போன ஆறு வருடத்தில் என்னிடம் வந்து கேட்டவர்களில் அதிகம் பேர் கேட்டது சாமி படம் இல்லை, தங்கள் வீட்டு முகப்பு. சிங்கப்பூரில், மலேசியாவில், அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள். வீடு பத்துப் பன்னிரண்டு பங்காளிக்குப் பொது. பராமரிக்க ஆள் இல்லை. ஒன்று விற்கிறார்கள், இல்லையென்றால் இடிக்கிறார்கள். இடிக்கும் முன்பு நிலை, கதவு, தூண், மேலே சுதையில் (சுண்ணாம்புச் சாந்துச் சிற்பமாக) இருக்கிற கஜலட்சுமி எல்லாம் அப்படியே வரைந்து வேண்டும் என்கிறார்கள். கேமரா இருக்கிறதே என்றால், "எங்க ஐயா இந்தத் திண்ணையில் எங்கே உட்காருவார் என்று போட்டோவில் வராது, நீங்க வரையும்போது நான் சொல்றேன்" என்று ஒருவர் சொன்னார். நான் பூக்கொடிக்காரன், எனக்கு அளவு பார்த்துக் கட்டடம் வரைய வராது. நீங்கள் நான்கு வருடம் படித்தவர். அந்த வீட்டுக்குள் பிறந்தவர். பட்டாலை (கூடம்) எது, பட்டாலைக்கும் வளவுக்கும் படி எத்தனை என்று கேட்காமல் தெரியும். நல்ல கெட்டித் தாளும் நீர்வண்ணமும் சேர்த்து 500 ரூபாய்ப் பொருள், ஐந்து நாள் வேலை. 12,000 கேளுங்கள். கொடுப்பார்கள், கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்படிச் செய்தால் கலை கெட்டுப்போகும் என்று கல்லூரியில் யாராவது சொல்லியிருந்தால், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1966-ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் மணல்காட்டை வாங்கிக் குடியேறினார்கள். படம் விற்று வாங்கவில்லை. பாத்திக் (மெழுகுச் சாயத்) துணி போட்டும் கைவினைப் பொருள் செய்தும் விற்ற பணம். பகலில் அது, மற்ற நேரம் அவரவர் ஓவியம். கோவில்பட்டி கொண்டையா ராஜு சென்னைக் கலைப்பள்ளியில் படித்தவர், நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதினார், அப்புறம் சிவகாசிக் காலண்டருக்கு வரைந்தார். அவர் கை சாமி தமிழ்நாட்டில் எத்தனை வீட்டுப் பூசையறையில் இருந்தது! அவரை யாரும் கூலிக்காரர் என்று சொல்லவில்லை.

கடைசியாக, சிட்டை (கணக்கு நோட்டு). படத்துக்கு ஒரு பக்கம். தேதி, அளவு, பொருள், நாள், யார் வாங்கினார், என்ன கொடுத்தார். நான் 2004 முதல் எழுதுகிறேன், ஏழு நோட்டு ஆகிவிட்டது. எந்த வேலையில் கூலி நின்றது, எதில் போனது என்று அது சொல்லும். உங்கள் அப்பச்சி கணக்குப் படிக்கத் தெரிந்தவர். வாயால் சொல்லாதீர்கள், சிட்டையைக் கையில் கொடுங்கள்.


இறங்குபாதை எழுதியது:

நான் விமானி, இப்போது துணை விமானியாக ஏர்பஸ் 320 ஓட்டுகிறேன். சொந்த ஊர் கானாடுகாத்தான் பக்கம். செட்டிநாடு கால்நடைப் பண்ணைக்குள் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் கிடக்கிறதே, சின்ன வயதில் அதில் சைக்கிள் ஓட்டித்தான் எனக்கு இந்த ஆசை வந்தது.

உங்கள் தம்பிக்காகவும் உங்களுக்காகவும் ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டில் அந்த 52 லட்சத்தை முதல் என்று நினைப்பது பாதிதான் சரி. உரிமத்துக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 100 மணி நேரம் தானே தலைமை விமானியாக. வழிகாணல், வானிலை, விதிமுறை, எந்திர நுட்பம் என்று தேர்வுகள், முதல் வகுப்பு மருத்துவச் சோதனை. எல்லாம் முடித்து உரிமம் கைக்கு வந்தால் வேலை வந்துவிடும் என்று எங்கள் வீட்டிலும் நினைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட விமான வகையை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும், அதற்கு மறுபடியும் லட்சங்கள். நான் உரிமம் வாங்கி 22 மாதம் வேலை இல்லாமல் இருந்தேன். கல்விக்கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் வங்கி பிணை கேட்கும் என்பதால் வீட்டுப் பத்திரம் உள்ளே இருந்தது. அந்த 22 மாதமும் அப்பா என்னிடம் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருக்கலாம். ஒரு பயிற்சிப் பள்ளியில் வானிலைப் பாடம் எடுத்துக் கைச்செலவைப் பார்த்துக்கொண்டேன். இன்று சம்பளம் நன்றாக இருக்கிறது, கடன் பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. ஆனாலும் வருடா வருடம் மருத்துவச் சோதனைக்குப் போகும்போது வயிறு கலங்கும். காதிலோ கண்ணிலோ இதயத்திலோ ஒன்று என்றால் சம்பளம் நின்றுவிடும்.

தம்பியிடம் இப்போதே சொல்லுங்கள்: தனி விமான வகைப் பயிற்சிக்கும் ஒன்றரை வருடக் காத்திருப்புக்கும் பணம் தனியாக ஒதுக்கியிருக்கிறதா என்று. பட்டப்படிப்பையும் தபால் வழியிலாவது முடித்து வைக்கச் சொல்லுங்கள். அப்பச்சியிடமும் இதை எடுத்துச் சொல்லுங்கள், தம்பியைக் குறைப்பதற்காக இல்லை. இரண்டு பிள்ளைகளுக்கும் போடுவது ஒரே மாதிரி பணம்தான், திரும்பி வரக் கொஞ்ச காலம் பிடிக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டும். உங்களுடையது 30,000.

எங்கள் ஐயா வீட்டு முகப்பை வரைந்து தருவீர்களா? போன மார்கழியில் மேல் சுதை ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பாதி முன்பணம் தருகிறேன்.


கோட்டையூர்க்காரி எழுதியது:

பத்து நாளாக இதை மூன்று நான்கு தடவை படித்துவிட்டேன். மாலதி அக்கா, நீங்கள் சொன்ன "கண் மிஞ்சுவதில்லை" என்பதுதான் என்னை முடிவு எடுக்க வைத்தது. இரண்டு வருடம் தேர்வு எழுதப் போவதில்லை. அதற்குள் மாதம் 15,000 நிற்கவில்லை என்றால் எழுதுகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

பலகைக்காரர் அண்ணே, பழைய 17 படங்களுக்கும் நினைவிலிருந்து சிட்டை எழுதினேன். ஆறு படத்தில் கூலியே இல்லை, இரண்டில் கைக்காசு போயிருக்கிறது. நோட்டை அப்பச்சி மேசையில் வைத்தேன். இரவு எடுத்துப் பார்த்திருக்கிறார். காலையில் பார்த்தால் இரண்டு இடத்தில் கூட்டலைப் பென்சிலால் திருத்தியிருந்தது. கடைசிப் பக்கத்தில் கோடு போட்டு, இடது பக்கம் 'வரவு' வலது பக்கம் 'பற்று' என்று அவர் கையால் எழுதியிருக்கிறார். 30,000 பற்றி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இறங்குபாதை அண்ணே, வருகிற புதன் காலை எட்டு மணிக்கு உங்கள் ஐயா வீட்டுக்கு வருகிறேன். கிழக்குப் பார்த்த முகப்பு என்றால் பத்துக்குள் நிழல் நன்றாக விழும். விழுந்த சுதையின் பழைய போட்டோ ஏதாவது இருந்தால் அனுப்புங்கள். பங்காளிகளில் யாரிடம் சாவி?

பலகைக்காரர் அண்ணே, ஒரு சந்தேகம்: ஈரம் ஏறிய அந்த இரண்டு பலகையில் மக்கைச் சுரண்டிவிட்டுத் திரும்பப் போடலாமா, பலகையே போய்விட்டதா?


பலகைக்காரர் எழுதியது:

சுரண்டாதீர்கள். முதலில் நிழலில் இரண்டு வாரம், காற்றுப் படும்படி நிறுத்தி வையுங்கள், வெயிலில் வேண்டாம், வளைந்துவிடும். அப்புறம் விரலால் தட்டிப் பாருங்கள், எங்கே பொள்ளென்று கேட்கிறதோ அங்கே மட்டும் பென்சிலால் சுற்றுங்கள். வெள்ளிக்கிழமை நான் கோட்டையூர்ப் பக்கம்தான் வருகிறேன், ரயில்வே கேட் தாண்டி ஒரு வீட்டில் வேலை. பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.